அர்த்தநாரியின் காடு ரோட்டுக்குப் போனது

அர்த்தநாரிக்கு முப்பத்தோராவது பெண் தட்டிப்போன அதே வாரத்தில்தான் அவனுடைய டிராக்டரின் என்ஜினும் வெடித்தது. இரண்டில் எது முதலில் நடந்தது என்று பின்னாளில் ஊருக்குள் வாக்குவாதம் வந்தபோது, பெண் செவ்வாய்க்கிழமை, என்ஜின் வெள்ளிக்கிழமை என்று அவனே சொல்லி முடித்துவைத்தான்.

அப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது. திருச்செங்கோட்டுக்கு வடக்கே, நொச்சிப்புதூரில், மூன்றரை ஏக்கர் காடு அவனுக்கு. நிலத்தைக் காடு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். காட்டின் நடுவில் ஓட்டு வீடு, வீட்டுக்கு முன்னால் ஒரு வேம்பு, வேம்புக்கு அந்தப் பக்கம் கிணறு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒற்றை எருமை கட்டும் கொட்டகை, சுற்றிலும் கிளுவை வேலி. அப்பன் போய்ப் பதினாறு வருஷம், அம்மா போய் மூன்று வருஷம். ஒரு டம்ளர் அரிசி போட்டுக் காலையில் சோறாக்கினால் மறுநாள் காலைவரைக்கும் வரும். பேச்சும் அப்படித்தான், காலையில் பால் ஊற்றப் போன இடத்தில் பேசின நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு பொழுதை ஓட்டிவிடுவான்.

பெண் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. தரகர் பொன்னுரங்கம் தன் மொபெட்டில் மாதம் ஒரு தடவை வந்து, ஒரு ஜாதகத்தை எடுத்து நீட்டி, பையன் வேம்படியில் நின்று படிக்கிற அழகைப் பார்த்துவிட்டுப் போவார். முதல் பெண்ணுக்கு மாப்பிள்ளையின் படிப்புப் போதவில்லை, ஏழாவதுக்கு நிறம் போதவில்லை, பதினாலாவது பெண்ணின் அப்பா 'பனியன் கம்பெனியில துணி மடிக்கறவனா இருந்தாக்கூடக் குடுத்துருவமுங்க, காட்டு வேலை செய்யறவங்களுக்கு மட்டும் குடுக்கறதில்லைன்னு வெச்சிருக்கறம்' என்று பலகாரத் தட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார், இருபத்தெட்டாவது பெண் இவன் பார்க்கப் போன அன்றைக்கே வேறொருவனோடு போய்விட்டாள். முப்பத்தோராவது பெண் கோகிலவாணி. முப்பத்தொன்பது வயது, ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகித் தீர்த்துக்கொண்டு வந்தவள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. மற்றவர்கள் உள்ளேயிருந்து ஆள்விட்டுச் சொல்லியனுப்பியதை அவள் மட்டும் வாசலுக்கு வந்து அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களைக் குத்தஞ் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. காடு நெம்ப உள்ளுக்கு இருக்குது. பஸ் ரோட்டுக்கு மூணு மைல் நடக்கோணும். ரோட்டோரமா இருந்திருந்தா யோசிக்கலாம்."

அவனுக்கு அது மறுப்பாகவே படவில்லை. முப்பது வீட்டிலும் அவனைத்தான் வேண்டாம் என்றார்கள். இவள் தூரத்தைத்தான் வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை என்ஜின் போயிற்று. அது அவன் அப்பன் காலத்து டிராக்டர், அறுபது வருஷத்துக்கு முந்தினது, சிவப்பு பெயிண்ட் வெளுத்து ஆரஞ்சுச் சுளை நிறத்துக்கு வந்திருந்தது. ரேடியேட்டர் ஒழுகித் தண்ணீர் வற்றினது தெரியாமல் ஓட்டிவிட்டான். சூடேறி, முனகி, என்ஜின் பிளாக் குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. அந்த மாடலுக்குப் பிளாக் செய்கிறவர்கள் உலகத்திலேயே இப்போது இல்லை என்றார் சங்ககிரி சவரிமுத்து.

சவரிமுத்து லாரிப் பட்டறைக்காரர். அவருடைய பட்டறைக்குப் பின்னால் எருக்கஞ்செடிக்கு நடுவில் ஒரு என்ஜின் கிடந்தது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் இருந்தது, ஆறு சிலிண்டர், ஒரு கன்றுக்குட்டி படுத்த நீளம். பத்து மாநிலத்து மண்ணில் ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி என்று துளை போட்ட என்ஜின். அர்த்தநாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இதைப் பூட்டிருங்க."

"தம்பி, உன்ற வண்டி இருபத்தஞ்சு குதிரை இழுக்கறதுக்குச் செஞ்ச ஒடம்பு. நீ நூத்தம்பதைக் கொண்டாந்து மார்ல கட்டச் சொல்ற. ஒண்ணு கியர் போகும், இல்லாட்டி அச்சு போகும்."

"எது போனாலும் பரவால்லீங்க. சின்னதா ஒண்ணு செஞ்சு செஞ்சு அலுத்துப் போச்சு."

பழைய டிராக்டருக்கு என்ஜின்தான் முதுகெலும்பு. அதைக் கழற்றி எடுத்தால் முன்பாதி வேறு பின்பாதி வேறாக விழுந்துவிடும். அதனால் சவரிமுத்து இரண்டு பக்கமும் லாரிச் சட்டத்தின் இரும்பு வைத்துப் பிணைத்து, முன் அச்சை ஒன்றரை அடி முன்னால் தள்ளி, ஸ்டியரிங் ராடை நீட்டி, என்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் இரண்டு விரல்கடை கனத்தில் ஒரு தகட்டை லேத்தில் கடைந்து உட்காரவைத்து, பழைய பானெட் போதாமல் டீசல் டிரம்மை வெட்டி ஒட்டுப்போட்டு, லாரி ரேடியேட்டரை முன்னால் மாட்டி, மார்கழி முழுவதும் வேலை செய்தார். அர்த்தநாரி தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான், டீ வாங்கி வந்தான், பேசினான். அந்த ஒரு மாதம்தான் அவன் நிறையப் பேசிய மாதம். வேலை முடிந்த அன்றைக்கு, 'இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா?' என்று கேட்டான். 'ஒண்ணுமில்லை தம்பி, எடுத்துட்டுப் போ' என்றார் சவரிமுத்து.

தை பிறந்த மூன்றாம் நாள் காலை அவன் டிராக்டரைக் காட்டில் இறக்கினான். மூக்கு நீண்டு போன வண்டி, யாருடைய தலையையோ மாட்டிக்கொண்டு வந்ததுபோல இருந்தது. மேற்குப் பார்த்து நிறுத்தி, கலப்பையை இறக்கி, கிளட்ச்சை விட்டான்.

கியரும் போகவில்லை, அச்சும் போகவில்லை. கலப்பையின் கொழு மண்ணுக்குள் இறங்கிப் பிடித்தது. பிடித்த மண் புரளவில்லை, உடையவில்லை. என்ஜின் அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்து இழுக்க, சக்கரம் உருள, டிராக்டர் மேற்கே போகப் போக, மேற்கு வேலி மட்டும் கிட்டத்தில் வரவே இல்லை. அர்த்தநாரி திரும்பிப் பார்த்தான். வேம்பு அவனுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அதே தூரத்தில் இருந்தது, கிணறு இருந்தது, எருமை அசைபோட்டுக்கொண்டு இருந்தது, ஆனால் வேலிக்கு வெளியே இருந்த ராயண்ணனின் பனைமரம் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து பின்னால் போய்க்கொண்டிருந்தது, ரயிலில் உட்கார்ந்தவனுக்கு மரம் போவதுபோல. ஏழடி போனதும் நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். காடு வந்துவிட்டிருந்தது. வீட்டோடு, கிணற்றோடு, வேலியோடு, அவனுடைய மூன்றரை ஏக்கரும் ஏழடி மேற்கே வந்து நின்றது.

மேற்குக் காட்டு ராயண்ணன் பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

"என்னப்பா அர்த்தநாரி, காட்டை ஓட்டிட்டு வந்துட்டயா?"

"ஆமாங்க மாமா. இழுத்தா வருதுங்க."

"செரி செரி. மொளகாச் செடிய மிதிச்சறாம போ."

மிதிக்கவில்லை. அர்த்தநாரியின் காடு முன்னால் வர, ராயண்ணனின் காடு நடுவே பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கியது, கூட்டமான பஸ்ஸில் கைக்குழந்தைக்காரி ஏறினால் சனங்கள் ஒதுங்குவார்களே அப்படி. கடந்து போன பிறகு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. ஒரு செடி சாயவில்லை. அளவைக்காரர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்தார். யாருக்கும் ஒரு சாண் கூடவுமில்லை, குறையவுமில்லை. கிராம அதிகாரி தன்னுடைய வரைபடத்தில் அர்த்தநாரியின் காட்டை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டுப் பென்சிலில் போட்டுக்கொண்டார். 'எல்லாத்தையும் பேனாவுல போட்டாத்தானுங்க தொந்தரவு' என்றார். மின்சார வாரியத்து லைன்மேன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, பக்கத்தில் எந்தக் கம்பம் இருக்கிறதோ அதில் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் எங்கே வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

கிழக்கே திருப்பி ஓட்டினால் அது சாதாரண டிராக்டர்தான். மண் புரளும், காடு அசையாது. மேற்கே மட்டும்தான் காடு கூட வரும். ஒரு தடவைக்கு ஏழடிதான், அதற்குள் என்ஜின் சூடேறிவிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டினால் எண்பது அடி. மூன்று மைல் மேற்கேதான் பஸ் ரோடு. அர்த்தநாரி விரல்விட்டுப் பார்த்தான். ஆடி பிறந்து பத்துப் பதினைந்து நாளில் போய்விடலாம்.

பொன்னுரங்கம் மொபெட்டை வேம்படியில் நிறுத்தி இதையெல்லாம் கேட்டார். ஆச்சரியப்படவில்லை, தரகர்கள் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை. "ஆவணி முடியறதுக்குள்ள ரோட்டுக்கு வந்துரோணும், அர்த்தநாரி. பொரட்டாசி பொறந்துருச்சுன்னா பேச முடியாது. அந்தப் புள்ளைக்கு அண்ணங்காரன் வேற எடம் பாத்துட்டு இருக்கறான்."

"வந்தர்றனுங்க."

காடு நடந்தது. காலையில் பொழுது கிளம்ப என்ஜினை எடுத்தால், வெயில் ஏறுகிறவரைக்கும் ஓட்டி, ஆறவைத்து, மறுபடி பொழுது சாய்கிறவரைக்கும் ஓட்டினான். ராயண்ணன் காட்டைத் தாண்டிக் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டைத் தாண்டி இட்டேறி வண்டித்தடத்தைத் தாண்டிப் பாறைக்குழியைத் தாண்டி நடந்தது. ஊர்கள் அதற்குப் பழகிக்கொண்டன. பால்காரர்கள் காலையில் 'இன்னைக்கு எங்கீங் காடு?' என்று விசாரித்துவிட்டு வந்தார்கள். சின்னாம்பாளையத்துக்காரர்கள் தங்கள் மாரியம்மன் நோம்பி வாரத்தில் காட்டின் பாதி தங்கள் ஊரிலும் பாதி அடுத்த ஊரிலும் நின்றதால், வீடு எந்தப் பாதியில் இருக்கிறது என்று வந்து பார்த்து, அடுப்படி தங்கள் பக்கம் இருக்கிறதென்று முடிவுகட்டி, அவனை மாவிளக்கு எடுக்கச் சொன்னார்கள். ஆண் பிள்ளை மாவிளக்கு எடுக்கிற வழக்கம் இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை என்றான். அப்படியானால் தேங்காய் மட்டும் உடை என்றார்கள்.

மாசியில் ஒரு தடவை அவன் நடந்தே நொச்சிப்புதூருக்குப் போய்ப் பார்த்தான். தன் காடு இருந்த இடம் என்று ஒன்று இருக்கும், பள்ளமாகவோ பொட்டலாகவோ கிடக்கும், பார்த்துவிட்டு வரலாம் என்று போனான். இல்லை. கிழக்குக் காட்டு நல்லமுத்துவின் காடும் மேற்குக் காட்டு ராயண்ணனின் காடும் நேராகப் பொருந்தி, நடுவில் ஒரே வேலி ஓடியது. மூன்று தலைமுறையாக அவன் குடும்பம் நடுவில் இருந்ததால் ஒருவருக்கொருவர் தூரத்துத் தலையசைப்போடு இருந்த இரண்டு பேரும் இப்போது வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லமுத்துவின் மகளை ராயண்ணனின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவன் நின்ற இடம் யாருடைய காடு என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"நீ போனது நல்லதாப் போச்சு, அர்த்தநாரி" என்றார் ராயண்ணன், மனசு நிறைந்து, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல். "இத்தன வருசமா இவுரு இப்படிப்பட்ட மனுசன்னு எனக்குத் தெரியாமப் போச்சு பாரு. கண்ணாலத்துக்கு வந்துரு."

"வந்தர்றனுங்க மாமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். வழியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

பங்குனியில் அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர் போயிற்று. போர்வெல் எல்லாம் காற்றை ஊதியது. அர்த்தநாரியின் கிணறு மட்டும் எப்போதும்போல் இருந்தது. பெரிய கிணறு இல்லை, குடிக்கத் தண்ணீர் தருகிற கிணறு, ஆனால் வரும்போது தன் ஊற்றுக்கண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. காடு எந்த ஊருக்குப் பக்கத்தில் நின்றதோ அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். முதல்முறையாக அவன் வாசலில் செருப்புகள் கிடந்தன. முதல்முறையாக வேம்படியில் ஒரே சமயத்தில் நாலு பேர் பேசும் சத்தம் கேட்டது. அவன் கயிற்றுக் கட்டிலை வெளியே எடுத்துப் போட்டான், கிணற்று உருளைக்கு எண்ணெய் விட்டான், சங்ககிரிக்குப் போய்ப் பத்து டம்ளர் வாங்கி வந்து கழுவி வைத்தான்.

"சோறுண்டாச்சுங்களா?" என்பார்கள்.

"ஆச்சுங்க."

அவ்வளவுதான். பிறகு அவர்கள் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள், மருமகளைப் பற்றி, மழையைப் பற்றி, நூல் மில் வேன் வராமல் போனதைப் பற்றி. அவன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பேச்சு பாதியில் நின்றால், குடம் நிரம்பி அவர்கள் போய்விட்டால், மறுநாள் அந்தப் பேச்சின் மீதி என்ன ஆயிற்று என்று கேட்க அவனுக்கு ஆசையாக இருக்கும். கேட்க மாட்டான். ஆனாலும் அந்த ஊர்களில் ஒரு நாள் நிற்க வேண்டிய இடத்தில் நாலு நாள் நின்றான், நாலு நாள் நிற்க வேண்டிய இடத்தில் பத்து நாள் நின்றான். ஆடி முடிந்தது. காடு இன்னும் ரோட்டுக்குப் போகவில்லை.

மஞ்சக்காட்டூர்தான் ரோட்டுக்கு முந்தின கடைசி ஊர். அங்கே அவன் பதினெட்டு நாள் நின்றான். அங்கே பழனியாயி என்று ஒரு பெண், ஆடு மேய்க்கிறவள், தன் முப்பது ஆட்டுக்கும் அவன் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தாள். ஆவணி பதினேழாம் தேதி காலை பொன்னுரங்கம் வந்தார், மொபெட்டை விட்டு இறங்கவே இல்லை. 'இன்னும் பதினாலே நாளு' என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ரோடு அங்கிருந்து ஆயிரம் அடி.

அவன் என்ஜினை எடுத்தான். பழனியாயி ஓடி வந்து டிராக்டருக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் கிணற்றடியில் இருபது குடம் வரிசையில் இருந்தது.

"பத்தே நாளுங்க. தண்ணி லாரி உடறோம்னு சொல்லியிருக்கறாங்க. பத்து நாள் மட்டும் நில்லுங்க."

"நிக்க முடியாதுங்க. எனக்கு ஒரு வேலை இருக்குது."

"என்ன வேலைங்க?"

இருபது குடத்துக்கும் முப்பது ஆட்டுக்கும் முன்னால் நின்று, எனக்கு ஒரு பெண்டாட்டி வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கிளட்ச்சை விட்டான். காடு கிளம்பியது. கிணறும் கிளம்பியது. குடங்களை அள்ளிக்கொண்டு பெண்கள் வேலிக்கு வெளியே இறங்கினார்கள். முதல் ஏழு எட்டு நாள் மஞ்சக்காட்டூர்க்காரர்கள் தூரம் பார்க்காமல் நடந்து வந்தார்கள், போகிற கிணற்றுக்குப் பின்னால் எத்தனை நாள் நடப்பது என்று பிறகு வரவில்லை. பழனியாயி முதல் நாளிலிருந்தே வரவில்லை. ஆடுகளை விற்றுவிட்டாள் என்று பால்காரர் சொன்னார். அன்றைக்கு அவன் டிராக்டரைக் கிழக்கே திருப்பி, முழு வேகத்தில், கலப்பையை ஆழமாக இறக்கி ஓட்டிப் பார்த்தான். மண்தான் புரண்டது. காடு ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை.

ஆவணி இருபத்தொன்பதாம் தேதி மேற்கு வேலி ரோட்டோரப் புளியமரத்தைத் தொட்டு நின்றது.

பஸ்காரர்கள் ஒரே நாளில் பழகிவிட்டார்கள். மறுநாளே கண்டக்டர்கள் 'கெணத்துக்காடு எறங்கு' என்று கூவ ஆரம்பித்தார்கள். நிழலுக்கு வேம்பு இருந்ததால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் உள்ளே வந்து நின்றார்கள், கட்டிலில் உட்கார்ந்தார்கள், டம்ளர் எடுத்துத் தண்ணீர் குடித்தார்கள், பஸ் வந்ததும் பாதி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். அர்த்தநாரி முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலுக்கு நீர் தெளித்தான்.

மூன்றரை மணி பஸ்ஸில் கோகிலவாணி வந்து இறங்கினாள். அண்ணன் வரவில்லை, பொன்னுரங்கம் வரவில்லை, தனியாகத்தான் வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையில் சாம்பார் வாசனை இருந்தது.

"தரகர் சொன்னாருங்க. நம்பல. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உக்காருங்க" என்றான். உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தான். குடித்தாள். காட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள், வேலி, கொட்டகை, எருமை, நீண்ட மூக்கு டிராக்டர்.

"மூணு மைலுமா ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க."

"நான் சொன்னதுக்காகவா?"

"ரோட்டோரமா இருந்தா யோசிக்கலாம்னீங்க."

அவள் ரோட்டைப் பார்த்தாள். ஒரு லாரி போயிற்று, இரண்டு பஸ் போயிற்று.

"ரோடுங்கறது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. நல்ல மனுசன் வாசல்ல வந்து நிக்கறப்ப, மனசு நோகாத மாதிரி ஏதாச்சும் ஒண்ணு சொல்லோணும்னு தோணுச்சு. மனுசனால மாத்த முடியாத ஒண்ணாப் பாத்துச் சொன்னா அதோட உட்டுருவீங்கன்னு நெனச்சேன்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "நான் இருந்த ஊடு ரோட்டு மேலதாங்க இருந்துச்சு. பத்து வருசம். பஸ்ஸெல்லாம் வாசல்லயே நிக்கும். அந்த ஊட்ல எனக்கு என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் எறங்கிக் கேட்டதில்லை."

"அப்ப உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்றான். கேட்ட பிறகுதான் தன் குரல் கெஞ்சுகிறது என்று தெரிந்தது.

"ஒண்ணும் வேண்டாமுங்க. அதுதான் நெசம். காலைல எந்திரிக்கறேன், நூத்திருவது பசங்களுக்குச் சோறு போடறேன், பொழுதோட ஊட்டுக்குப் போயி தாழ்ப்பாளப் போட்டுக்கறேன். தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டா எனக்கு அத்தன நிம்மதியா இருக்குது. இதைச் சொன்னா எங்கண்ணனே நம்பறதில்லை. நீங்க நம்புவீங்களா?"

அவன் தன் வீட்டுக் கதவைப் பார்த்தான். அதே தாழ்ப்பாள்தான் அங்கேயும். அதே சத்தத்தைத் தினமும் கேட்டு அவன் விழித்தபடி படுத்துக் கிடந்திருக்கிறான். "நம்பறனுங்க" என்றான்.

"கோவமுங்களா?"

"இல்லீங்க. மஞ்சக்காட்டூர்ல இருவது கொடம் நின்னுச்சு. அதை உட்டுட்டு வந்துட்டேன். அதுதான்."

அவள் எழுந்தாள். போய்விடுவாள் என்று நினைத்தான். ஆனால் டிராக்டர் பக்கமாகப் போய், ஒட்டுப்போட்ட பானெட்டில் கை வைத்துப் பார்த்தாள். வெயிலில் கொதித்தது, கையை எடுக்கவில்லை.

"ஒரு தடவை ஓட்டுங்க. காடு போறத நான் பாக்கோணும்."

"இதுக்கு மேல மேற்கே ரோடுங்க."

"ரோடு என்ன பண்ணுதுன்னுதான் பாக்கலாமே."

அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சக்கரத்து மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அறுபது வருஷத்தில் அந்த மட்கார்டில் ஒரு பெண் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவன் கலப்பையை இறக்கினான். என்ஜின் அடித்தொண்டையில் முழங்கியது. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. பேசவும் வேண்டியிருக்கவில்லை.

மண் மெதுவாக விலகும். தாருக்கு அந்தப் பொறுமை இல்லை. முன்வேலி ரோட்டைத் தொட்டதும் ரோடு ஒரு தடவை குனிந்து, காட்டுக்கு அடியில் விருட்டென்று போய், பின்பக்கம் கிழக்கு வேலிக்கு வெளியே புளியமரத்தோடும் மைல்கல்லோடும் எழுந்து படுத்துக்கொண்டது. நாலரை மணி பஸ் அவ்வளவு நேரமும் நின்று, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, தாண்டிப் போயிற்று. கோகிலவாணி வாயைத் திறந்து சிரித்தாள். சிரிப்பு அவனுக்குக் கேட்கவில்லை, பல் தெரிந்தது, கண் சுருங்கினது தெரிந்தது. ஏழடி தூரம். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷமும் அவன் முன்னால் பார்த்து ஓட்டவில்லை.

என்ஜினை அணைத்ததும் அவள் இறங்கினாள். "போயிட்டு வர்றனுங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் யாரும் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'வருகிறேன்' என்பதற்கு வருவேன் என்று பொருள் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். காட்டின் குறுக்கே, கிணற்றைத் தாண்டி, கொட்டகையைத் தாண்டி, எருமையை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்துவிட்டு, கிழக்கு வேலியின் படலைத் திறந்து வெளியே போய், திறந்ததைத் திரும்பச் சாத்திவிட்டு, ரோட்டில் நின்றாள். ஐந்தே கால் பஸ் வந்தது. அவள் நின்ற இடம் வெறும் ரோடாக ஆயிற்று.

அர்த்தநாரி டிராக்டர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். இனி எங்கே ஓட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேற்கே ஓட்டலாம், மேற்கே மட்டும்தான் ஓட்டலாம், மேற்கே யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பால் கறக்கிற நேரம் தாண்டி எருமை கூப்பிட்டது. ரேடியேட்டர் மெல்ல மெல்ல ஆறி டிக் டிக் என்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். துண்டைத் தோளில் போட்ட ஒரு பெரியவர், கையில் வெற்றிலைத் தட்டோடு, கிளுவைக்கு மேலே தலையை நீட்டி நின்றிருந்தார். பிறந்ததிலிருந்தே அர்த்தநாரி அங்கேயே இருப்பவன்போலப் பார்த்தார்.

"நானு பக்கத்துக் காடுங்க, செல்லமுத்து. வெள்ளிக்கெழமை பேத்திக்குக் காது குத்தறமுங்க. பக்கத்துக் காட்டுக்காரங்களை உட்டுப்போட்டுச் சீரு செய்யற வழக்கம் எங்களுக்கில்லீங்க. அவசியம் வந்துரோணும்."

அர்த்தநாரி இறங்கி வந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வேலிக்கு மேலாக வெற்றிலையை எடுத்துக்கொண்டான்.

"உங்கூட்டுக்கு எத்தன எலைங்க?" என்று கேட்டார் செல்லமுத்து. "சமையக்காரனுக்குச் சொல்லோணும்."

அர்த்தநாரி வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒண்ணுங்க."

"ஒண்ணு" என்றார் செல்லமுத்து. ஏன் என்று கேட்கவில்லை. "மத்தியானப் பந்திக்கே வந்துருங்க, சோறு சூடா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த காட்டுக்கு நடந்தார்.